ரொத்கோவைத் தேடி டச்பே போனேன், டைல்ஸ் கடைதான் கிடைத்தது

கடல்முகம் | சனி, இரவு 9.14

எல்லோருக்கும் வணக்கம். வழக்கமாக லென்ஸ் விலை மட்டும் கேட்டுவிட்டு ஓடிவிடுகிற ஆள் நான். இந்த முறை கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதமாக மார்க் ரொத்கோவின் ஓவியங்களில் விழுந்து கிடக்கிறேன். இரண்டோ மூன்றோ நிறக் கட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக, அவ்வளவுதான். ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தால் உள்ளுக்குள் ஏதோ அசைகிறது. அட, விடியற்காலையில் எங்கள் திருகோணமலை டச்பே கரையில் நான் தினமும் பார்ப்பதும் இதுதானே என்று ஒருநாள் தோன்றியது. மேலே வானம், நடுவில் கடல், கீழே மணல். கமரா கையில் இருக்கிறது, பிறகென்ன?

போன ஞாயிறு 5.40க்கெல்லாம் கரையில் நின்றேன். ஷட்டரை அரைச் செக்கனில் வைத்து, கமராவை அடிவானத்தோடு இடமிருந்து வலமாக இழுத்து இழுத்து 143 படங்கள் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டால், எல்லாம் கோடு கோடாக, வழுவழுவென்று, டைல்ஸ் கடைக் கலண்டர் மாதிரி இருக்கிறது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, கமரா பழுதாப் போச்சே?" என்று கேட்டார்.

அதே மூன்று நிறம், அதே மூன்று பட்டை. அவருடையது ஏன் நிற்கிறது, என்னுடையது ஏன் வழுக்கிக்கொண்டு போகிறது? நாலு படம் கீழே போட்டிருக்கிறேன். முகத்துக்காகச் சொல்லாமல் உள்ளதைச் சொல்லுங்கள்.

பனங்காய்ப்பணியாரம் | சனி, இரவு 9.31

மூன்றாவது படத்தை எங்கள் குளியலறைக்கு எடுத்துக்கொள்கிறேன். சதுர அடி என்ன விலை?

கிண்ணியாத்தம்பி | சனி, இரவு 10.02

முதலில் கைவேலைப் பக்கம். அண்ணை, நீங்கள் கமராவை இழுத்த வேகம் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே சீராக இருந்திருக்கிறது. அதனால்தான் எல்லாம் ஒரே வழுவழுப்பு. அரைச் செக்கனில் முதல் பாதிக்குக் கையை அசைக்காமல் பிடித்துவிட்டு, மற்றப் பாதியில் மட்டும் இழுத்துப் பாருங்கள். அசையாத பாதியில் கடலின் ஒரு எலும்புக்கூடு பதிந்துவிடும். அதன் மேல் இழுவை ஒரு கழுவல் மாதிரி வந்து உட்காரும். லென்ஸில் நடுக்கம் தடுக்கும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். நீங்கள் வேண்டுமென்றே ஆட்டுவதை அது தடுக்கப் பார்க்கும்.

விடியலுக்கு முன் என்றால் அரைச் செக்கன் தானாகக் கிடைக்கும். பத்து மணி வெயிலில் வேண்டுமென்றால் கணக்கு இது: ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துவாரம் எஃப் 16 என்று வைத்தால் நல்ல வெயிலுக்கு ஷட்டர் ஏறத்தாழ 1/125 செக்கன் வரும். ஆறு ஸ்டொப் கறுப்புக் கண்ணாடி, அதாவது என்டி 64, ஒளியை 64இல் ஒரு பங்காக்கும். 1/125 அரைச் செக்கனாகிவிடும். கண்ணாடி வாங்கக் காசில்லையென்று எஃப் 22க்குப் போனால் சென்சரில் இருக்கிற தூசியெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரியும். உங்கள் இரண்டாவது படத்தில் வானத்தில் ஏழு புள்ளி எண்ணினேன். காகம் என்று சொல்லித் தப்ப முடியாது.

இன்னொரு வழி, ஒரே இடத்தில் நின்று நாலு படம் எடுத்து, போட்டோஷொப்பில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவது. அடியில் இருப்பது 100 வீதம், அடுத்தது 50, அதற்கு மேல் 33, மேலே 25. இப்படி வைத்தால் நாலுக்கும் சம பங்கு. எல்லாவற்றையும் 50இல் வைத்தால் மேலே இருப்பதுதான் ஆட்சி செய்யும், கீழே இருப்பவை ஆவியாகிவிடும்.

பழைய சுருள் | ஞாயிறு, காலை 6.20

கடலையே ஆதாரமாக வைத்து ஒருவர் பல பத்தாண்டுகள் வேலை செய்திருக்கிறார். ஹிரோஷி சுகிமோட்டோ. 1980இல் தொடங்கிய கடல் வரிசை. பெரிய பெட்டிக் கமரா, கறுப்பு வெள்ளை, அடிவானம் எப்போதும் படத்தின் சரி நடுவில். பாதி வானம், பாதி நீர். வேறொன்றும் இல்லை, ஒரு படகுகூட இல்லை. 2012இல் லண்டனில் ஒரு கலைக்கூடம் அவருடைய கடல்களையும் ரொத்கோவின் கடைசிக்கால இருண்ட ஓவியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியது. ஆகவே தம்பிக்குத் தோன்றியது பைத்தியக்காரத்தனம் அல்ல.

ஆனால் கவனியுங்கள், சுகிமோட்டோ கமராவை ஆட்டவில்லை. அசையாமல் நின்றார். அலையின் சின்னச் சுருக்கமெல்லாம் அவர் படத்தில் இருக்கிறது. ரொத்கோ போல வரவேண்டும் என்று மங்கலாக்கவில்லை.

தூரிகைக்கட்டு | ஞாயிறு, காலை 8.45

முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பித்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், கடல்முகம் தம்பி கோபிக்கக்கூடாது.

ரொத்கோவின் மூன்று பட்டையைப் பார்த்தீர்கள். பட்டைகளின் ஓரத்தைப் பார்த்தீர்களா? அவர் சாயத்தைத் தண்ணீர் மாதிரிக் கரைத்து, மெல்லிய பூச்சாகப் பூசி, அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று என்று போவார். ஒரு கட்டம் அடுத்த கட்டத்தைத் தொடுகிற இடத்தில் கீழே இருக்கிற நிறம் கசியும். ஓரிடத்தில் தடிப்பு, ஓரிடத்தில் புகை மாதிரி. அந்த ஓரத்தில்தான் முழு நாடகமும் நடக்கிறது. உங்கள் படத்தில் எல்லா ஓரமும் ஒரே மாதிரி, வேட்டிக்கரை அடித்தது போல. இன்னொன்று அளவு. அவருடைய துணிகள் ஆள் உயரத்துக்கு மேல். பார்ப்பவர் கிட்ட நின்று அதற்குள் அமிழ வேண்டும் என்று நினைத்தவர். நாங்கள் கைபேசியில் ஆறு அங்குலத்தில் பார்த்துவிட்டு "இவ்வளவுதானே" என்கிறோம்.

இப்போது பெரிய விடயம். ஓவியம் மாதிரிப் படம் எடுப்பது புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு கூட்டமே அதைச் செய்தது. லென்ஸை மென்மையாக்கி, கோந்தும் சாயமும் கலந்து அச்சிட்டு, தூரிகையால் தேய்த்து, பார்ப்பவன் இது போட்டோவா வரைந்ததா என்று குழம்ப வேண்டும் என்று பாடுபட்டார்கள். அழகான படங்களும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் ஓவியத்தின் தோலைத்தான் எடுத்தார்கள். 1916இல் போல் ஸ்ட்ராண்ட் என்ற இளைஞர் ஒரு கோடைவீட்டுத் திண்ணையில் விழுந்த நிழல், சில கோப்பைகள், இவற்றை மட்டும் மிகக் கிட்டப் போய் எடுத்தார். எல்லாம் கூர்மை. கியூபிச ஓவியங்களை நியூயோர்க்கில் பார்த்துவிட்டு, இந்த மனிதர்கள் ஒரு சட்டத்துக்குள் வடிவங்களை எப்படி நிறுத்துகிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்காகச் செய்த பயிற்சி அது. தூரிகைத் தடம் ஒன்றும் அதில் கிடையாது. ஆனால் அந்த மங்கலான படங்களைவிட இதுதான் ஓவியர்களுக்கு நெருக்கம்.

ஆகவே தம்பி, ரொத்கோவின் பட்டையை விடுங்கள். அவர் எங்கே என்ன முடிவெடுத்தார் என்று பாருங்கள். கடலைத்தான் எடுக்க வேண்டும் என்று யார் சொன்னது?

பனங்காய்ப்பணியாரம் | ஞாயிறு, காலை 9.10

சேர், இப்போது போனில் ஒரு பொத்தானை அழுத்தினால் என் மாமியாரே வான் கோ ஆகிவிடுகிறார். இவ்வளவு கஷ்டம் எதற்கு?

தூரிகைக்கட்டு | ஞாயிறு, காலை 9.26

அதைத்தான் தோல் என்றேன். உங்கள் மாமியார் படத்திலும் பூசணிக்காய் படத்திலும் அதே சுழி, அதே மஞ்சள். பொத்தான் ஒரு முடிவும் எடுக்கவில்லை.

மூதூர்க்கரை | ஞாயிறு, பகல் 1.40

நான் போன்காரி. பெரிய கமரா ஒன்றும் இல்லை. இருந்தாலும் சொல்லலாமா?

கிழமையில் ஐந்து நாள் மூதூரிலிருந்து திருகோணமலைக்கு பஸ். மாரி தொடங்கினால் கண்ணாடியெல்லாம் ஆவி பிடித்துவிடும். ஒருநாள் நேரம் போகாமல் அந்த ஆவிக்கூடாக எடுத்தேன். போன் தானாக வெளியே இருக்கிற தெருவைக் கூர்மையாக்கப் பார்க்கும். விரலால் கண்ணாடியில் இருக்கிற ஒரு துளியைத் தொட்டுப் பிடித்துக்கொண்டால் பூட்டிவிடும், அப்புறம் வெளியே வருகிறதெல்லாம் வெறும் நிறம். சிவப்புச் சட்டை ஒரு கறை. ஓட்டோ ஒரு பச்சைத் திட்டு. கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும் கைப்பிடிக் கம்பிகள் ஓடுகிற வேகத்தில் கோடு கோடாக இழுபடும், அதற்குப் பின்னால் சாம்பல் நீர்.

பிறகுதான் சோல் லைட்டர் என்ற நியூயோர்க் மனிதரைப் பற்றி வாசித்தேன். 2013இல் காலமானவர். அடிப்படையில் ஓவியர், தினமும் வரைந்தவர். 1950களிலேயே ஆவி படிந்த கடைக் கண்ணாடிக்கூடாக வர்ணப் படங்கள் எடுத்திருக்கிறார். அவருடைய வர்ணப் புத்தகம் 2006இல்தான் வந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமும் வந்தது, எரிச்சலும் வந்தது. என்னுடையது என்று நினைத்ததை ஒருவர் எனக்கு முன்பே எடுத்துவிட்டாரே!

இன்னொன்று. நிறக் கட்டம் தேடுகிறவர்கள் மழைக்காலத்தில் எங்கள் பக்கம் வாருங்கள். மகாவலி பெருகி கொட்டியாரக்குடாவில் விழுகிற நாட்களில் கரையோரம் தேத்தண்ணி நிறம், அதற்கு அப்பால் பச்சை. இரண்டும் தொடுகிற ஓரம் ஒரே நேர்கோடாக இருக்காது. சேர் சொன்ன கசிவு அங்கே இருக்கிறது.

தூரிகைக்கட்டு | ஞாயிறு, பிற்பகல் 2.15

தங்கச்சி, பாலத்துப் படத்தைத் தயவுசெய்து இங்கே போடுங்கள். போன்காரி என்று இனிமேல் தாழ்த்திச் சொல்ல வேண்டாம்.

பழைய சுருள் | ஞாயிறு, இரவு 7.50

வெளிநாட்டுக்காரரையே சொல்லிக்கொண்டிருக்கிறோம். எங்கள் நாட்டில் லயனல் வென்ட் என்ற போட்டோக்காரர் இருந்தார், 1900இல் பிறந்து 1944இல் இறந்தவர். அவரைச் சுற்றித்தான் 43 குழு என்ற ஓவியர் கூட்டம் உருவானது. ஜோர்ஜ் கீட், ஐவன் பீரிஸ், ஜோர்ஜ் கிளாசன் எல்லோரும் அதில் இருந்தவர்கள். ஓவியர்களோடு ஒரு போட்டோக்காரர் சரிசமமாக உட்கார்ந்த கூட்டம் அது. வென்ட் இருட்டறையில் படத்தைப் பாதி கழுவும்போதே வெளிச்சம் காட்டி, கறுப்பும் வெள்ளையும் இடம் மாறுகிற சோலரைசேஷன் வேலையெல்லாம் செய்தார்.

எனக்கு அந்த வித்தை தற்செயலாகத்தான் தெரிய வந்தது. 80களில் திருகோணமலையில் ஒரு ஸ்டூடியோவில் வேலை. ஒரு கலியாணப் படம் தட்டில் கிடக்கிறது, உருவம் பாதி வந்திருக்கிறது. எடுபிடிப் பொடியன் தேத்தண்ணியோடு கதவைத் திறந்துவிட்டான். மாப்பிள்ளையின் கோட்டு வெளுத்து, ஓரத்தில் மட்டும் வெள்ளிக் கம்பி மாதிரி ஒரு கோடு. முதலாளி என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் அந்தக் கடதாசியை நான் எறியவில்லை. இடம்பெயர்ந்தபோதுதான் எங்கேயோ தொலைந்தது.

கிண்ணியாத்தம்பி | ஞாயிறு, இரவு 8.05

ஐயா, இதை எல்லாம் தனியாக ஒரு இழையாகப் போடுங்களேன். லென்ஸ் விலைக்கு நடுவில் அடிபட்டுப்போகும்.

கடல்முகம் | வியாழன், இரவு 10.20

சேர் சொன்னதற்குக் கோபம் வந்தது உண்மை. இரண்டு நாள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நேற்று பின்னேரம் கமராவோடு கடலுக்கு முதுகைக் காட்டி நின்றேன். அப்போதுதான் கண்ணில் பட்டது, கரையில் ஏற்றிக் கவிழ்த்து வைத்த ஒரு பழைய மர வள்ளம். இப்போது கரை முழுக்க ஃபைபர் படகுகள்தான். இது ஒன்றுதான் மரம். வர்ணம் அடிப்பதற்காகச் சுரண்டத் தொடங்கி, பாதியில் விட்டிருந்தார்கள்.

அணியப் பக்கம், அதாவது வள்ளத்தின் முன்பக்கம், இரண்டு கை அகல இடம். மேலே நீலம், வெயிலில் பால் கலந்தது போல வெளிறிய நீலம். அது உரிந்த இடத்தில் வெற்றிலைப் பச்சை. பச்சை பிளந்த இடத்தில் காவிச் சிவப்பு. அதற்கும் கீழே சாம்பல் மரம். ஒவ்வொரு பூச்சின் ஓரமும் அப்பத்தின் கரை மாதிரி மேல்நோக்கிச் சுருண்டிருக்கிறது, சுருளுக்குள் உப்பு. ஒரு ஆணித் தலையிலிருந்து துரு ஒரு சாண் நீளத்துக்கு வழிந்திருக்கிறது, நீலத்தின் மேல் செம்மஞ்சளாக, பச்சையைத் தொட்டதும் கறுப்பாக. சேர் சொன்ன "ஓரம்" என்றால் என்ன என்று அங்கேதான் விளங்கியது.

முதலில் நேர் வெயிலில் எடுத்தேன், நிறம் செத்துவிட்டது. குடையை விரித்து நிழல் போட்டதும் பச்சை எழுந்து வந்தது. எஃப் 8. கமராவைப் பலகைக்கு நேராக, சாயாமல் பிடித்தேன். ஆனாலும் வள்ளத்தின் வயிறு வளைவுதானே, ஓரம் கொஞ்சம் மங்கல்தான்.

வள்ளக்காரர் வந்தார். "என்ன தம்பி, படம் எடுத்து எங்க குடுக்கப் போறீர்? லைசன்ஸ் எல்லாம் சரியாத்தான் இருக்கு." நான் நிறத்துக்காக எடுக்கிறேன் என்றேன். "நிறமா? நாளைக்கு வாரும், புதுசா அடிச்சுத் தாறன், வடிவா எடுக்கலாம்" என்றார்.

மூன்று படம் போட்டிருக்கிறேன். முதலாவதில் வலது மூலையில் பதிவு இலக்கத்தின் ஒரு எழுத்து பாதி தெரிகிறது. வெட்டவா, விடவா?

பனங்காய்ப்பணியாரம் | வியாழன், இரவு 10.34

இந்த முறை விலை கேட்கவில்லை. நன்றாக இருக்கிறது.

தூரிகைக்கட்டு | வெள்ளி, காலை 6.55

வெட்டுங்கள். எழுத்தைக் கண்டால் கண் வாசிக்கத் தொடங்கிவிடும். வாசிக்கத் தொடங்கினால் பார்ப்பதை நிறுத்திவிடும். கே.சி.எஸ். பணிக்கர் 1963 தொடக்கம் வரைந்த சொல்லும் குறியீடும் என்ற வரிசையில் துணி முழுக்க எழுத்துக்கள்தான். ஆனால் கிட்டப் போனால் எந்த மொழியும் இல்லை, வாசிக்க முடியாது. எழுத்தின் உருவம் வேண்டும், வாசிப்பு வேண்டாம் என்று அவர் அவ்வளவு கவனமாக இருந்தார்.

சுவரையும் உரிந்த வர்ணத்தையும் எடுத்தவர்களில் ஏரன் சிஸ்கைண்டைப் பாருங்கள். 1940களிலிருந்து நியூயோர்க் அரூப ஓவியர்களோடு பழகியவர். கிழிந்த சுவரொட்டி, கறுப்புத் தார், சுவர்க் கீறல். ஃபிரான்ஸ் கிளைன் என்ற ஓவியர் அவருடைய நண்பர். வெள்ளையில் பெரிய கறுப்புத் தூரிகை வீச்சு, அதுதான் கிளைன். 1962இல் அவர் இறந்த பிறகு, அவருக்கு அஞ்சலியாக சிஸ்கைண்ட் சுவர்களில் அந்தக் கறுப்பு வீச்சைத் தேடித் தேடி எடுத்தார். யாரோ ஒருவன் எதையோ மறைக்கச் சுவரில் அவசரமாக இழுத்த பெயின்ட்டில் நண்பனின் கையைக் கண்டிருக்கிறார்.

பழைய சுருள் | வெள்ளி, காலை 7.30

மூலையில் இருக்கிற எழுத்தை நான் விட்டிருப்பேன். எல்லாவற்றையும் துடைத்துவிட்டால் அது எந்த ஊர்ச் சுவராகவும் இருக்கலாம். எங்கள் கரை எங்கே? ஓவியன் வெறுந்துணியில் தொடங்குகிறவன். போட்டோ எடுப்பவனுக்கு முன்னால் ஒரு பொருள் இருந்தே ஆகவேண்டும். அதை ஏன் ஒளிக்க வேண்டும்?

தூரிகைக்கட்டு | வெள்ளி, காலை 7.48

ஒளிக்கச் சொல்லவில்லை. முந்திக்கொண்டு பேச விடாதீர்கள் என்கிறேன்.

நிலாவெளி இரசாயனம் | வெள்ளி, இரவு 8.10

இவ்வளவு நாளும் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கட்டம், பட்டை என்று பேசுகிறீர்கள். புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணலை ஒருவரும் சொல்லவில்லையே என்று மனம் பொறுக்கவில்லை.

அந்தக் கறுப்பு இல்மனைட். சாதாரண வெள்ளை மணலைவிட ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு பாரம். அலை திரும்பும்போது வெள்ளையை இழுத்துக்கொண்டு போகும், கறுப்பைத் தூக்க மாட்டாமல் விட்டுவிடும். ஒவ்வொரு அலைக்கும் ஒரு கோடு. அலை வந்து நின்ற இடமெல்லாம் மை தொட்டு இழுத்தது போல விளிம்பு கட்டியிருக்கும். நண்டு வளை தோண்டினால் கறுப்பின் மேல் வெள்ளை உருண்டைகள். மேலிருந்து நேராகக் கீழே எடுத்தால் அளவே தெரியாது. வானூர்தியிலிருந்து எடுத்ததா, முழங்காலில் இருந்து எடுத்ததா என்று கேட்பார்கள். காலையில் சூரியன் தாழ இருக்கும்போது போங்கள், உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். கனிய மணல் வேலை நடக்கிற வேலிக்குள் போகவேண்டாம், வெளிக் கரையே போதும்.

சித்திர சேருக்கு ஒரு சின்னத் தகவல். இல்மனைட் என்பது இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்த ஒக்சைட். இரும்பை நீக்கினால் கிடைப்பது டைட்டேனியம் டைஒக்சைட். உங்கள் பெயின்ட் டியூப்பில் டைட்டேனியம் வெள்ளை என்று எழுதியிருக்குமே, அதுதான். இந்தக் கறுப்பு மணலிலிருந்துதான் அந்த வெள்ளை வருகிறது.

தூரிகைக்கட்டு | வெள்ளி, இரவு 8.22

முப்பது வருடம் அந்த வெள்ளையைப் பிதுக்கியிருக்கிறேன். புல்மோட்டைக்குப் பத்துத் தடவையாவது போயிருக்கிறேன். இரண்டையும் ஒருநாளும் சேர்த்து நினைத்ததில்லை. நன்றி.

மூதூர்க்கரை | சனி, காலை 10.00

இரசாயன சேர், மேலிருந்து எடுக்கும்போது என் நிழலும் என் கால் விரலும் வந்துவிடுகிறதே, என்ன செய்வது?

நிலாவெளி இரசாயனம் | சனி, காலை 10.12

சூரியனைப் பார்த்து நில்லுங்கள், நிழல் முதுகுப் பக்கம் விழும். விரலுக்கு மருந்து இல்லை, கையைக் கொஞ்சம் முன்னுக்கு நீட்டுங்கள்.

கடல்முகம் | அடுத்த வெள்ளி, இரவு 9.40

அச்சடித்த கதையைச் சொல்கிறேன். 16க்கு 24 அங்குலம், மினுக்கம் இல்லாத கடதாசி. நகரத்தில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். கவுன்டரில் நின்ற பையன் திரையில் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணை, பிழையான ஃபைல் தந்திட்டீங்கள் போல" என்றான். இதுதான் என்று சத்தியம் செய்த பிறகு அடித்தார்கள். வந்த படத்தில் நீலம் சாம்பலாகி, பச்சை பாசியாகி இருக்கிறது. இயந்திரம் தானாக நிறம் திருத்திவிட்டதாம். அதற்கு நீலம் கூடுதலாகத் தெரிந்திருக்கிறது. தானியங்கித் திருத்தத்தை அணைக்கச் சொல்லி இன்னொரு முறை அடித்தேன், இரண்டு தடவைக்கும் காசு என்னுடையது. முகமோ தோலோ இல்லாத படத்தில் அந்த இயந்திரத்துக்கு எது சரி என்று எப்படித் தெரியும்? அச்சடிக்கப் போகிறவர்கள் முதலிலேயே வாய் திறந்து சொல்லிவிடுங்கள்.

பழைய சுருள் | அடுத்த வெள்ளி, இரவு 9.55

எங்கே மாட்டப் போகிறீர்கள்? யன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். உங்கள் ரொத்கோவுக்கே அந்தக் கதி வந்தது. 1960களில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சாப்பாட்டு மண்டபம் ஒன்றுக்கு வரைந்த பெரிய சிவப்பு ஓவியங்கள், யன்னல் வெளிச்சத்தில் வெளிறி நீலம் பாய்ந்துவிட்டன. அவர் கலந்த ஒரு சிவப்பு வெளிச்சம் தாங்காத வகை. 2014இல் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது, துணியைத் தொடாமல், புரொஜெக்டரால் நிற ஒளி பாய்ச்சிப் பழைய நிறத்தைக் காட்டினார்கள். அமெரிக்க வெயிலுக்கே அப்படியென்றால் எங்கள் கச்சான் காற்றுக் காலத்து வெயிலை யோசியுங்கள்.

கடல்முகம் | அடுத்த ஞாயிறு, இரவு 8.30

இன்று காலை அச்சடித்த படத்தைச் சுருட்டிக்கொண்டு கரைக்குப் போனேன். வள்ளக்காரரிடம் காட்ட வேண்டும் என்று ஆசை. வள்ளம் முழுக்கப் புது நீலம் அடித்து, மினுங்கிக்கொண்டு நிற்கிறது. பச்சையும் இல்லை, காவியும் இல்லை.

அவர் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கினார். இவ்வளவு நாளில் இந்தப் படத்தை யாரும் என்னவென்று கண்டுபிடிக்கவில்லை. ஒருவர் உலக வரைபடம் என்றார், இன்னொருவர் தோல் வருத்தம் என்றார். இவர் ஒரு நொடி பார்த்தார். "அணியம். இடது பக்கம். இந்தப் பச்சை அப்பா இருக்கேக்க அடிச்சது. சுனாமிக்குப் பிறகுதான் நான் நீலத்துக்கு மாத்தினன்" என்றார். அப்புறம் படத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, "தம்பி, நீர் மாறிப் பிடிச்சிருக்கிறீர். இதுதான் மேல்" என்றார்.

வள்ளம் கவிழ்ந்து கிடந்தபோது நான் எடுத்தது. அவர் அதைத் தண்ணீரில் நிற்கிறபடி திருப்பிவிட்டார். துரு இப்போது கீழிருந்து மேலே போகிறது.

ஒரு பிரதி கேட்டார், கொடுக்கப் போகிறேன். என் பிரச்சினை வேறு. அவர் திருப்பியதிலிருந்து எனக்கும் அந்தப் பக்கம்தான் பிடித்திருக்கிறது. ஆனால் நான் சட்டம் பிடித்தது மற்றப் பக்கம். எதை மேலே வைத்து மாட்டுவது?

பழைய சுருள் | அடுத்த ஞாயிறு, இரவு 8.41

பார்த்தீர்களா சேர், பொருள் வந்து பேசிவிட்டது. எழுத்தை வெட்டியும் வந்து பேசிவிட்டது.

தூரிகைக்கட்டு | அடுத்த ஞாயிறு, இரவு 8.58

ஒருவருக்கு மட்டும்தான் பேசியது. அது சரியான கணக்குத்தான்.

திருப்பிப் பிடித்ததைப் பற்றிக் கவலை வேண்டாம். கண்டின்ஸ்கி ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்தபோது, அறையில் என்னவென்றே தெரியாத ஒரு அற்புதமான ஓவியத்தைக் கண்டு திகைத்து நின்றாராம். கிட்டப் போய்ப் பார்த்தால், அவருடைய ஓவியமே பக்கவாட்டில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மறுநாள் பகல் வெளிச்சத்தில் எவ்வளவு முயன்றும் அந்தத் திகைப்பு திரும்பி வரவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார்.

மூதூர்க்கரை | அடுத்த ஞாயிறு, இரவு 9.03

அண்ணை, சட்டத்துக்குப் பின்னால் இரண்டு பக்கமும் கொக்கி அடியுங்கள். மாதத்துக்கு ஒருமுறை மாற்றலாம்.

கடல்முகம் | அடுத்த ஞாயிறு, இரவு 9.15

அடித்துவிட்டேன். இப்போது அம்மாவின் பக்கம் மேலே இருக்கிறது. அவர் வள்ளக்காரரோடுதான் ஒத்துப்போகிறார். வருகிற ஞாயிறு 5 மணிக்கு புல்மோட்டைக்குப் போகிற வான் வண்டியில் மூன்று இடம் இருக்கிறது, வருகிறவர்கள் சொல்லுங்கள். மூதூர்க்கரை அக்கா, சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாருங்கள், விரல் தெரியாது.